பார்சுக் நடந்த நாள்

வடக்கிலிருந்து வரும் பாட்டுக்காரர்கள் ஹூண ராசாக்களைப் பற்றிப் பாடுவதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொன்னாசை பிடித்தவர்களாம், விருந்துக்குக் கூப்பிட்டுக் கழுத்தை அறுப்பவர்களாம். ராத்திரி முழுக்க இப்படிப் பாடிவிட்டு, விடிந்ததும் ஏதாவது ஒரு ஹூணன் குடியிருக்கும் வண்டி முன்னால் கிண்ணத்தை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். வெட்கம் கெட்ட ஜென்மங்கள். நான் பிறந்தது கோத்தியர் காட்டில், வாழ்க்கைப்பட்டது ஹூணர் புல்வெளியில். இரண்டு பக்கத்துச் சோறும் தின்றவள். பார்சுக் ராசா எப்பேர்ப்பட்ட மனிதர் என்று என்னிடம் கேட்கட்டும், நான் சொல்கிறேன். ஆனால் அவர் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் என் புருஷன் செய்த கூத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

என் புருஷன் தோகுல், ராசாவின் குதிரைகளுக்கெல்லாம் பொறுப்பாளன். வேலையில் கெட்டிக்காரன், வாய் மட்டும் ஓயாது. அந்த வசந்தத்தில் ஆறு கரைபுரண்டு ஓடியது. மந்தையை மேய்க்க அக்கரைப் பக்கம் போனவன் பல நாள் கழித்து, வெள்ளம் வடிந்த ஒரு மத்தியானம் திரும்பி வந்தான். வண்டி நிழலில் உட்கார்ந்து பால் கடைந்துகொண்டிருந்தேன்.

“ஏ புள்ள, கண்ண மூடு.”

“கை வேலையா இருக்கேன். என்னன்னு சொல்லு.”

“மூடுங்கறேன்ல.”

மூடாமலே பார்த்தேன். கையில் ஒரு புதுச் சாட்டை. தோல்வார் பழையதுதான், பிடிக்கம்புதான் புதுசு. வெள்ளைவெளேரென்று, ஒரு கோணல் இல்லாமல், தடவினால் வழுக்கும் போலிருந்தது. எங்கள் புல்வெளியில் மரம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. ஆற்றோரத்தில் நாலு கோணல் செடி நிற்கும், அவ்வளவுதான். ஆட்டெலும்பில்தான் சாட்டைக்குப் பிடி போடுவார்கள். நேரான கம்பைப் பார்த்தால் ஹூணனுக்கு எச்சில் ஊறும்.

“எங்கய்யா கெடச்சுது இது?”

“ஆத்துக்கு அந்தாண்ட பெரிய புல்வெளி இருக்குல்ல, அங்க. வரிசையா நட்டு வச்சிருந்தான் புள்ள! ஒரு ஆள் இல்ல, ஒரு நாய் இல்ல. எந்தப் புண்ணியவானோ நட்டுட்டு மறந்துட்டுப் போயிட்டான். ஒண்ணு விடாம புடுங்கிட்டேன். கயிறு வேற கட்டியிருந்தான், நல்ல கம்பளிக் கயிறு. இந்தா, இது உனக்கு.”

மடியில் கயிற்றுச் சுருளைப் போட்டான். சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கயிறு. கடைந்த கையை நிறுத்தினேன். கம்பை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். ஹேசல் கம்பு. எங்கள் காட்டுச் செடி. அடியில் தீயால் சுட்ட கோடுகள் இருந்தன. அது கோத்தியர் படையை நடத்தும் என் அண்ணன் அன்சிலாவின் குறி.

கோத்தியர் சும்மா போய்ச் சண்டை போட மாட்டார்கள். முதலில் களம் குறிக்க வேண்டும். ஹேசல் கம்புகளைச் சுற்றிலும் நட்டு, அதில் சாமிக் கயிறு கட்டிவிட்டால், அந்த நிலம் அப்போதிலிருந்து சாமிகளுடையது. அதன் பிறகு தூது போகும், நாள் சொல்லும். சண்டை முடியும்வரை எவனும் எவன் மாட்டையும் ஓட்டக் கூடாது, எவன் கூரைக்கும் தீ வைக்கக் கூடாது. அந்தக் கம்பைப் பிடுங்கியவன் மனிதனே இல்லை. ஓநாய். பிடித்த இடத்தில் மரத்தில் தொங்கவிடுவார்கள். அவன் சொந்தக்காரன்கூட அழக் கூடாது.

இதையெல்லாம் நான் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அவன் தாடையைச் சொறிந்தான்.

“அவ்ளோ பெரிய விஷயம்னா காவலுக்கு ஒரு ஆளப் போட வேண்டியதுதானே?”

“எவன்யா தொடுவான்? அங்க பால்குடி மறக்காத புள்ளைக்குக்கூடத் தெரியும், அதத் தொடக் கூடாதுன்னு.”

“இங்க எனக்கே தெரியாதே. வேலி கட்டிட்டுச் சண்ட போடுவாங்களா? ஆட்டுக்குட்டியா ஓடிப் போறதுக்கு?”

“யோவ், சிரிக்காத! எங்கண்ணன் களம் குறிச்சிருக்கான். அந்தப் புல்வெளி யாருக்குன்னு ரெண்டு வருஷமா கத்திக்கிட்டுக் கெடக்காங்கல்ல, அதுக்குத்தான். தூதன் வெள்ளத்துல மாட்டிக்கிட்டு நிக்கிறான் போல. இன்னைக்கோ நாளைக்கோ வந்துடுவான். எல்லாத்தையும் எடு, அடுப்புல வச்சுடுவோம். ஒரு குச்சி மிஞ்சக் கூடாது.”

அப்போதுதான் அவன் முகம் சுருங்கியது. “எங்கிட்ட இது ஒண்ணுதான் புள்ள இருக்கு. ஒவ்வொரு கம்பையும் மூணு நாலா வெட்டி, வர்ற வழியிலயே எல்லாருக்கும் சாட்டை போட்டுக் குடுத்துட்டேன். முதல் சாட்டை ராசாவுக்கு. தொடையில தட்டிப் பாத்துட்டு, ‘பலே’ன்னாரு.”

மத்தை வைத்து அவன் மண்டையில் ஒன்று போடலாமா என்று இருந்தது. போட்டிருப்பேன். அதற்குள் நாய்கள் குரைத்தன. ஆற்றுப் பக்கமிருந்து ஒற்றைக் குதிரைக்காரன், கேடயத்தைத் தட்டிக்கொண்டே வந்தான். தூதன்.

ராசாவின் கூடத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கோத்தியர் யார் வந்தாலும் பேச்சை மாற்றிச் சொல்வது என் வேலை. போகிற வழியெல்லாம் ஒரே நினைப்புதான்: இந்த மனிதனை எப்படியாவது காப்பாற்றியாக வேண்டும். வாயாடிதான், அசடுதான், இருந்தாலும் என்னுடைய அசடு.

அந்தக் கூடத்தில் வாசல் சுவர் நெடுக முளை அடித்திருக்கும். உள்ளே நுழைகிறவன் வாளை இடுப்பில் வைத்துக்கொள்ளலாம், சாட்டையை மட்டும் முளையில் மாட்டிவிட வேண்டும். சாட்டை கையில் இருந்தால் அவன் புறப்படுகிறான் என்று அர்த்தம். சாப்பிடாமல் புறப்படுவது ராசாவுக்கு அவமானம். அன்றைக்குப் பார்த்து எல்லா முளையிலும் வெள்ளைக் கம்புகள் வரிசையாகத் தொங்கின. பார்க்க என்ன அழகு!

தூதன் பெயர் விலியரித். சிவந்த தாடி, விறைப்பான ஆள். தலையைக் குனிந்து வாசலில் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டான். ஒரு சாட்டையை எடுத்தான், அடிக்குறியைப் பார்த்தான். அடுத்ததை எடுத்தான். அப்புறம் போட்டானே ஒரு சத்தம், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

“களத்தக் கெடுத்த ஓநாய் இந்தக் கூடத்துலதான் இருக்கு! அவன என் கையில குடுக்கணும். குடுக்கலன்னா உங்க ராசாவும் ஓநாய், உங்க சனம் மொத்தமும் ஓநாய். அப்புறம் எங்களுக்கும் உங்களுக்கும் களமும் கெடையாது, மொறையும் கெடையாது. தூங்கறப்ப வந்து வெட்டுவோம்!”

பார்சுக் ராசா என்னைப் பார்த்தார். அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். குள்ளம். வயதானவர். நடை பழகுவதற்கு முன்பே குதிரை ஏறிவிட்டதால் கால் இரண்டும் வில்லாக வளைந்திருக்கும். தரையில் நடந்தால் வாத்து மாதிரி ஆடும். அதனால் அவர் நடந்து யாரும் பார்த்ததில்லை. வழக்குக் கேட்பதும் குதிரைமேல், சாப்பாடும் பாதி நேரம் குதிரைமேல். கூடத்துக்குள் மட்டும் வாசலிலிருந்து இருக்கைவரை நாலு எட்டு வைப்பார், அப்போது நாங்கள் எல்லோரும் வேறு பக்கம் பார்ப்போம். ஆனால் அந்தக் குள்ளரைத் தேடி எத்தனை தேசத்து ராசகுமாரர்கள் ஓடி வந்தார்கள்! அப்பனை எதிர்த்தவன், அண்ணனைக் கொன்றவன், தலைக்கு விலை வைக்கப்பட்டவன் எல்லாரும். “என்ன செஞ்சுட்டு வந்த?” என்று ஒருத்தனையும் அவர் கேட்டதில்லை. “சாப்பிட்டியா?” என்றுதான் கேட்பார்.

“என்னம்மா சொல்றான்?” என்றார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். “வெள்ளத்துல ரொம்பக் கஷ்டப்பட்டு வந்தாராம் ராசா. குதிரைக்குக் கால் நொண்டுதாம். இன்னைக்குப் படுத்துட்டு நாளைக்குப் பேசறேங்கிறாரு.”

ராசா வாசல் பக்கம் பார்த்தார். பிறகு என் மொழியிலேயே, சுத்தமான கோத்திய மொழியில், மெதுவாகச் சொன்னார்: “அவன் குதிரைய நான் பாத்தேன் ஸ்வின்தா. நல்லாத்தான் நிக்குது. என்னைத் தூக்கி வளத்தவளே ஒரு கோத்தியப் பொம்பளதான்மா.”

இத்தனை வருஷமாக நான் மாற்றிச் சொன்னதையெல்லாம் இந்த மனிதர் இரண்டு தடவை கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்! எனக்குக் காது சுட்டது. வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து என் வீட்டுக்காரன் எழுந்துவிட்டான்.

“நான்தான் ராசா புடுங்குனேன். சாட்டைக்கு ஆகும்னு நெனச்சேன். அது சாமி காரியம்னு தெரியாது.”

விலியரித் வாளில் கை வைத்தான். ராசா கையைத் தூக்கினார். “இருப்பா. மரத்துல தொங்கவிடறதத் தவிர உங்க மொறையில வேற வழி ஒண்ணும் கெடையாதா?”

தூதன் ஏளனமாகச் சிரித்தான். “இருக்கு. குத்தம் பண்ணவனும் அவனோட ராசாவும் ஆயுதம் இல்லாம, வெறுங்காலோட, வீட்டுல இருந்து நடந்தே களத்துக்கு வரணும். புடுங்குனத ரெண்டு பேருமா நட்டுட்டு உள்ள நிக்கணும். களம் குறிச்சவன் ஒரே ஒரு ஈட்டி எறிவான், யாரு மேல வேணும்னாலும். அதோட குத்தமும் போச்சு, அந்தச் சண்டையும் போச்சு. அதுக்கப்புறம் ஆயுதம் தூக்கறவன்தான் ஓநாய். ஆனா இதுவரைக்கும் எந்த ராசாவும் அப்படி வந்தது கெடையாது. ஒரு குதிரைக்காரனுக்காக எவன் வருவான்?”

வடகடல் ஓரத்து டேன் தேசத்திலிருந்து தப்பி வந்து சேர்ந்திருந்த ஸ்கெகி எழுந்தான். நல்ல வீரன், வாய்தான் கரடு. “ராசா, கோவிச்சுக்காதீங்க. குதிரை மேய்க்க ஆயிரம் ஆள் கெடைப்பான். ஒருத்தனக் குடுத்துட்டா ஊரு பொழைக்கும். குடுத்துடுங்க.”

பாவி, என் பக்கத்தில்தான் நின்றான். கையில் வைத்திருந்த பால் செம்பை அவன் தலையில் கவிழ்த்திருப்பேன். ராசா அதற்கு வேலை வைக்கவில்லை.

“ஸ்கெகி, நீ வந்த அன்னைக்கு உன் பின்னாலயே மூணு கப்பல் ஆளு வந்துச்சு, உன் கழுத்தக் கேட்டு. ஞாபகம் இருக்கா? அன்னைக்கும் ஒருத்தன் எந்திரிச்சு இதத்தான் சொன்னான். குடுத்துடுங்கன்னு.”

ஸ்கெகி உட்கார்ந்துவிட்டான். ராசா முளையில் இருந்த தன் சாட்டையைக் கொண்டுவரச் சொல்லி, வெள்ளைக் கம்பைத் தடவிப் பார்த்தார்.

“நல்ல கம்பு. குடுத்தவன் எவ்ளோ திருடனோ, வாங்கித் தொடையில தட்டுன நானும் அவ்ளோ திருடன். எவ்ளோ தூரம்டா தோகுல், நடந்தா?”

“நடந்ததில்லையே ராசா, தெரியல” என்றான் என் புருஷன்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். ராசா, தோகுல், பேச்சு மாற்ற என்ற பெயரில் நான். முன்னால் விலியரித் குதிரையில். அவன் முகத்தில் நேற்று இருந்த இளிப்பு இல்லை. சாட்டைகள் எல்லாவற்றிலிருந்தும் வாரை உரித்துவிட்டுக் கம்புகளைக் கட்டாகக் கட்டி, ஒன்றை ராசா தோளிலும் ஒன்றைத் தோகுல் தோளிலும் வைத்தோம். யாரும் கூட வரக் கூடாது என்று ராசா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஆற்றைத் தாண்டுவதற்குள் அவர் காலில் கொப்புளம் வந்துவிட்டது. ஆடி ஆடித்தான் நடந்தார். நான் பார்க்காத மாதிரி புல்லைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். “பாருடி, பரவால்ல” என்றார். “நானே இப்பத்தான் பாக்கறேன், என் கால் தரையில எப்படி இருக்கும்னு.”

அக்கரை ஏறித் திரும்பிப் பார்த்த தோகுல், “ராசா, அங்க பாருங்க” என்றான்.

ஹூண சனம் மொத்தமும் வந்துகொண்டிருந்தது. ஆண், பெண், படைத்தலைவன், மாடு மேய்க்கிறவன், ஓடி வந்த ராசகுமாரர்கள் எல்லோரும். ஒருத்தன்கூடக் குதிரைமேல் இல்லை. அத்தனை பேரும் கடிவாளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, வளைந்த காலோடு ஆடி ஆடி நடந்து வந்தார்கள். ராசா தரையில் இருக்கும்போது ஹூணன் எப்படிக் குதிரைமேல் உட்காருவான்? எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் பிறந்த சனத்தைக் குறை சொல்லவில்லை, ஆனால் அந்தக் காட்சியைப் பார்த்த அன்றைக்கு நான் முழு ஹூணச்சி ஆகிவிட்டேன்.

“வரக் கூடாதுன்னேனே” என்றார் ராசா. “சரி, அந்த மேட்டுல நிக்கச் சொல்லு. அதத் தாண்டி ஒரு அடி வரக் கூடாது. நாம வீடு திரும்பற வரைக்கும் எவனும் குதிரை ஏறக் கூடாது. இது என் ஆணை.” தோகுல் ஓடிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தான்.

விலியரித் முந்திப் போய்ச் செய்தி சொல்லியிருந்தான்; களத்தின் மறுபக்கம் கோத்தியர் கேடயத்தோடு வரிசையாக நின்றார்கள். நடந்து வருவது ஹூணர்கள்தான் என்று அவர்களுக்குக் கொஞ்ச நேரம் புரியவே இல்லை. பிறகு அந்த வரிசையில் ஒரு சலசலப்பு ஓடியது. என் அண்ணன் அன்சிலா முன்னால் வந்தான். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் உதடு லேசாகத் துடித்தது.

ராசாவும் தோகுலும் மண்டியிட்டு ஒவ்வொரு கம்பாக நட்டார்கள். ஒரு கம்பை மூன்று நான்காக வெட்டியிருந்ததால் வேலி முழங்கால் உயரம்தான் வந்தது. கயிற்றை நான் கொடுத்தேன். இளவட்டங்கள் யாரோ சிரித்தார்கள்.

“குட்டையா இருக்கு” என்றான் அண்ணன்.

“குட்டைதான் மச்சான்” என்றான் என் புருஷன், நிமிராமலே, என்னிடம் கற்ற அரைகுறைக் கோத்திய மொழியில். “ஆனா எண்ணிக்கை கூடிடுச்சு. களத்த இன்னும் பெருசா கட்டிக்கலாம்.”

அவன் வாயைத் தைக்க வேண்டும் என்று பல்லைக் கடித்தேன். ஆனால் கோத்தியர் வரிசையில் ஒரு கிழவர் உரக்கச் சிரித்தார். அது நல்ல சிரிப்பாகத்தான் இருந்தது. ராசா கடைசிக் கம்பைக் கல்லால் தட்டி இறக்கினார். எழ முடியாமல் தோகுல் தோளைப் பிடித்து எழுந்தார். இரண்டு பேரும் வேலிக்குள் நின்றார்கள், பக்கத்தில் பக்கத்தில். நான் கயிற்றுக்கு வெளியே.

அண்ணன் ஈட்டியை எடுத்தான். எறிந்தாக வேண்டும், வேண்டுமென்றே தப்ப எறிந்தால் சாமிக்குப் பொய் சொன்னதாகிவிடும், பரிகாரமும் செல்லாது. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முதலில் முனை தோகுலைப் பார்த்தது. குற்றவாளி அவன்தானே. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசக் கூடாது. அண்ணனைப் பார்த்தேன், அவ்வளவுதான். சின்ன வயசில் குளிரில் ஒரே போர்வைக்குள் படுத்தவர்கள் நாங்கள். அவன் என்னைப் பார்த்தான். ஈட்டி முனை மெல்ல என் புருஷனை விட்டு நகர்ந்தது.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. ஒரு மூச்சு நேரம் சந்தோஷமாகவே இருந்தது. முனை எங்கே போய் நின்றது என்று அப்புறம்தான் உறைத்தது.

ராசாவும் பார்த்தார். இமைக்கவில்லை. தோகுல் குறுக்கே பாயப் போனான். ராசா அவன் கையை இறுக்கிப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்துவிட்டார். “நில்லுடா. ஒழுங்கா நின்னாத்தான் கணக்குல சேரும்.”

ஈட்டி விலாவுக்குக் கீழே இறங்கியது. அவர் ஓர் அடி பின்னால் போனார், மறுபடி அந்த அடியை முன்னால் எடுத்து வைத்தார். இரண்டு சேனையும் பார்த்துக்கொண்டிருக்க, குனிந்து அந்த ஈட்டிக் கம்பைத் தடவினார்.

“ஸ்வின்தா, உங்கண்ணங்கிட்ட கேளு. இதுவும் ரொம்ப நேரா இருக்கு. எடுத்துக்கட்டுமா, இல்ல, இதுக்கும் கோவிச்சுக்குவானா?”

கோத்திய மொழியில்தான் சொன்னார். நான் மாற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. அண்ணன் தலைக்கவசத்தைக் கழற்றினான். அவன் பின்னால் நின்ற அத்தனை பேரும் ஈட்டிக் காம்பால் கேடயத்தைத் தட்ட ஆரம்பித்தார்கள். கோத்தியர் தங்கள் ராசாவுக்குத் தவிர வேறு யாருக்கும் அப்படித் தட்டி நான் கேட்டதில்லை. அண்ணன் மட்டும் தட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான், தோள் குலுங்கியது.

“முடிஞ்சுது” என்றான் கடைசியில். “குத்தமும் இல்ல, சண்டையும் இல்ல. புல்வெளியில ரெண்டு பேரு குதிரையும் மேயட்டும்.”

ராசா என் புருஷன் காதோரம் குனிந்தார். “என்னைக் குதிரையில ஏத்துடா. நம்ம ஆளுங்க பாக்கறாங்க.”

மேட்டிலிருந்து அவருடைய குதிரையைக் கொண்டுவந்தான் தோகுல். ஈட்டியைப் பிடுங்கினால் அங்கேயே போய்விடுவார் என்று கம்பை மட்டும் ஒடித்தான். தன் மேலங்கியை அவர் மேல் போர்த்தினான். ராசா நிமிர்ந்து உட்கார்ந்ததும் மேட்டில் நின்ற சனம் வானம் அதிரக் கத்தியது. ராசா பிழைத்துவிட்டார், இனி என்ன! குதிரைகள்கூடத் துள்ளின.

திரும்பி நடந்தோம். குதிரைமேல் அவர் ஒருத்தர்தான், மற்ற எல்லோரும் தரையில். தோகுல் ஒரு பக்கம் அவர் காலைப் பிடித்துக்கொண்டு நடந்தான், நான் மறுபக்கம். மரியாதைக்காக அண்ணனும் அவன் ஆட்களும் ஆறுவரைக்கும் வழியனுப்ப, வில்லெட்டும் தூரத்தில் எங்களோடு கூடவே நடந்து வந்தார்கள். கேடயத்தை முதுகில் போட்டிருந்தார்கள். கையில் ஆயுதம் எடுக்கவில்லை.

“கால் எரியுதுடா தோகுல்” என்றார் ராசா. “மனுசங்க தெனமும் இப்படித்தான் நடக்கறாங்களா?”

“தெனமும்தான் ராசா.”

“பாவம்டா.”

பிறகு வெள்ளைப் பெட்டைக் குதிரைக்கு இந்த வருஷம் குட்டி எப்போது என்று கேட்டார். தோகுல் சொன்னான். குட்டிக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டு வந்தார்கள். நான் முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு நடந்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் தோகுல் மட்டும் பேசுவது கேட்டது. வழக்கம்தானே என்று இருந்துவிட்டேன். “ஆமா ராசா, சரியாச் சொன்னீங்க” என்பான். ஒரு நொடி சும்மா இருப்பான், அப்புறம் கடகடவென்று சிரிப்பான். பின்னால் வருகிறவர்கள், “என்னடா சொல்றாரு ராசா?” என்று கத்தினார்கள். “உங்க நடையப் பாத்து வாத்துக் கூட்டம்னு சொல்றாரு!” என்று இவன் திருப்பிக் கத்தினான். சனம் முழுக்கச் சிரிப்பு பரவியது.

நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். போர்வைக்கு அடியில் ராசாவின் இடுப்பைச் சேணத்தோடு சேர்த்துத் தன் இடுப்புவாரால் இறுக்கிக் கட்டியிருந்தான் தோகுல். எப்போது கட்டினான் என்று தெரியவில்லை. என் பக்கம் புல்லில் சொட்டிக்கொண்டே வந்த ரத்தம் நின்றுபோயிருந்தது.

குதிரைக்கு அடுத்த பக்கம் அவன் முகத்தைத் தேடினேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. ராசாவின் முகத்தைப் பார்த்து, “இல்ல ராசா, அந்தக் கறுப்புக் குதிரை முரடு, சின்னப் புள்ளைங்களுக்கு ஆகாது” என்று சொல்லிக்கொண்டிருந்தான். கண்ணிலிருந்து தாரை தாரையாக ஓடியது, குரலில் ஒரு பிசிறு இல்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்தப் பக்கம் ராசாவை உயிராக நினைத்த சனம், கையில் கடிவாளத்தோடு. அந்தப் பக்கம் என் அண்ணன், முதுகில் கேடயத்தோடு. “ஐயோ” என்று ஒரு குரல் கிளம்பினால் போதும். ஆணையாவது, முறையாவது. எங்கள் ஆட்கள் குதிரை ஏறினால் ஆறு வருவதற்குள் கோத்தியரில் ஒருத்தன் மிஞ்ச மாட்டான். அப்புறம் காட்டிலிருந்து மற்றவர்கள் வருவார்கள். ராசா நடந்தது, மண்டியிட்டது, அத்தனையும் வீணாகிவிடும்.

ஸ்கெகி சந்தேகப்பட்டு முன்னால் வந்தான். போர்வையைப் பார்த்தான், தொங்கும் கையைப் பார்த்தான். அவன் வாய் திறந்தது. தோகுல் அவனைப் பார்த்தான், கெஞ்சுகிற மாதிரி. அந்தக் கரட்டு வாய்க்காரன் என்ன செய்தான் தெரியுமா? ராசாவின் தொங்கிய கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, பின்னால் திரும்பி, “கேட்டீங்களாடா? நேத்து கூடத்துல நான் பேசுனதுக்கு இப்ப திட்டறாரு! நான் உருப்பட மாட்டேனாம்!” என்று சிரித்துக்கொண்டே கூவினான். சனம் மறுபடி ஆரவாரித்தது.

ஆற்றங்கரையில் அண்ணன் நின்று கையைத் தூக்கினான். தோகுல் ராசாவின் முழங்கைக்குக் கீழே தன் கையை வைத்து, யாருக்கும் தெரியாமல் உயர்த்தினான். ராசா கோத்தியருக்கு விடை கொடுத்தார். அவர்கள் காட்டைப் பார்த்துத் திரும்பினார்கள். நாங்கள் தண்ணீரில் இறங்கினோம்.

அக்கரை ஏறியும் தோகுல் நிறுத்தவில்லை. கோத்தியர் காட்டுக்குள் போய்ச் சேர நேரம் வேண்டுமே. பொழுது சாய்ந்தது. அவன் பேசினான், கேட்டான், பதிலுக்குக் காத்திருந்தான், சிரித்தான். கடைசியில் குரல் கட்டி வெறும் காற்றுதான் வந்தது. அப்போதும் உதடு அசைந்தது. நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, மறுபக்கம் நடந்தேன்.

முதல் வண்டியின் நிழல் எங்கள் மேல் விழுந்ததும் குதிரை தானாக நின்றது. தோகுல் ராசாவின் காலிலிருந்து கையை எடுத்தான். விரல் மடங்கியது மடங்கியபடி இருந்தது. முதல்முறையாக என் பக்கம் திரும்பினான்.

“வீடு வந்துட்டோம் புள்ள” என்றான். “இப்ப அழு.”